சிக்குண்ட நூல்

என் தாயாரின் இரண்டு பவுன் சங்கிலி காணாமற்போனபோது நான் ஒரு தீர்ப்பு வழங்கினேன். அது தவறான தீர்ப்பு. அதை உணர்வதற்கு எனக்கு இரண்டு ஆண்டுகள் தேவைப்பட்டன.

அப்போது அம்மாவுக்கு 79 வயது. தம்பியின் வீட்டில் இருந்தார். ஒருநாள் நான் பார்க்கச் சென்றபோது என் கையைப் பற்றிக்கொண்டு, "சாமி, என் சங்கிலியை அவள்தான் எடுத்துவிட்டாள்" என்று மெல்லிய குரலில் சொன்னார். தம்பியின் மனைவியைத்தான் குறிப்பிட்டார். நான் நம்பினேன். அதே மாலையில்தான் என் குருப்பட்ட நாளன்று யார் யார் வந்தார்கள், பந்தியில் என்னென்ன பரிமாறினார்கள் என்று பிசகின்றி எடுத்துரைத்திருந்தார். இத்தனை தெளிந்த நினைவுடையவர் நேற்று நடந்ததையா தவறாகச் சொல்வார்? அந்தப் பெண்ணை அழைத்துக் கடிந்து பேசினேன். அவள், "சரிங்க சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, அம்மாவுக்கு வந்திருப்பது அல்சைமர் நோய் என்றார் மருத்துவர். அதன் பின்னரே அந்நோயைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். இறையியல் பயின்றவனுக்கு நரம்பியல் எளிதில் வசப்படவில்லை. ஆயினும் படிக்கப் படிக்க அது எனக்கு மனச்சான்று ஆய்வாகவே மாறிற்று.

ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் 1901ஆம் ஆண்டு அலாய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவரிடம் அகஸ்டெ என்ற 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். கணவர்மீது ஐயம் கொள்வதும், வீட்டுப் பொருள்களை இங்குமங்கும் எடுத்துச் சென்று ஒளித்து வைப்பதும் அவரிடம் காணப்பட்ட அறிகுறிகள். 1906இல் அவர் இறந்தபின் அவருடைய மூளையை அல்சைமர் நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளும், உள்ளே முறுக்கேறிய நூல்களைப் போன்ற சிக்கல்களும் இருந்தன. ஐயம் கொள்வதும் ஒளித்து வைப்பதும் என்று வாசித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அந்தச் சிக்கல்கள் 'டௌ' என்னும் புரதத்தால் ஆனவை. 1975இல் அடையாளம் காணப்பட்ட இப்புரதம் இயல்பில் நமக்குப் பகையன்று. நரம்பணுவின் நீண்ட இழைக்குள் நுண்குழல்கள் உண்டு. அணுவுக்கு வேண்டிய பொருள்கள் அவற்றின் வழியேதான் செல்கின்றன. பந்தற்கால்களைப் பிணைக்கும் கயிறுபோல் அக்குழல்களைத் தாங்கி நிற்பது டௌ. நோயுற்ற நிலையில் அதன்மீது பாஸ்பேட்டுகள் அளவுக்கு மிஞ்சி ஏறுகின்றன. அது குழலைவிட்டு நழுவி, உருத்திரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது.

இச்சிக்கல் மூளையில் கண்டபடி தோன்றுவதில்லை. ஹைக்கோ பிராக், ஈவா பிராக் என்ற இணையர் 83 மூளைகளை ஆராய்ந்து, அது பரவும் ஒழுங்கை 1991இல் ஆறு படிகளாக வகுத்தனர். மூளைப் புறணியில் அது முதலில் தலைகாட்டுவது, பொட்டுக்கு உட்புறமாக அமைந்த நினைவின் வாயிலில். அடுத்து, புதிய நினைவுகளைப் பதிவு செய்யும் ஹிப்போகாம்பஸ். பிறகே புறணியின் ஏனைய பகுதிகள். பார்வைக்கும் அசைவுக்கும் உரிய முதன்மைப் பகுதிகள் பெரும்பாலும் கடைசியில்தான் தாக்கப்படுகின்றன.

எவ்வாறு பரவுகிறது? சிக்கலுற்ற டௌ கொண்ட எலியின் மூளைச் சாற்றை, அச்சிக்கல் இல்லாத எலிகளின் மூளையில் செலுத்தியபோது அவற்றிலும் சிக்கல்கள் தோன்றிப் பரவியதை 2009இல் ஆய்வாளர்கள் காட்டினர். உருத்திரிந்த ஒரு டௌ, நல்ல டௌவையும் தன் உருவுக்கு வளைத்துவிடுகிறது. அது ஒரு நரம்பணுவிலிருந்து, அதனோடு செய்தி பரிமாறும் அடுத்த நரம்பணுவுக்குச் செல்கிறது. பக்கத்தில் இருப்பதைவிடப் பிணைப்பில் இருப்பதே அதற்கு வழி என்று எலிகளிடம் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் நோயாளியைத் தொடுவதாலோ உடனிருந்து உண்பதாலோ இந்நோய் எவருக்கும் தொற்றுவதில்லை. இதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

இப்போது என் தீர்ப்பின் பிழை எனக்கு விளங்கிற்று. முதலில் பழுதுபட்டது வாயில். நேற்றைய நிகழ்ச்சி உள்ளே நுழையவே இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் புறணியில் ஊன்றிவிட்ட பந்தியோ அப்படியே இருந்தது. எதைச் சான்றாகக் கொண்டு அம்மாவை நம்பினேனோ, அது சான்றே அன்று. சங்கிலியைத் தாமே எங்கோ வைத்தார். வைத்த நினைவு பதியவில்லை. விடுபட்ட இடத்தை ஐயம் நிரப்பியது. அவர் பொய் சொல்லவில்லை.

ஆனால் நான்? அம்மாவின் ஐயம் என்னிடம் வந்தது; என்னிடமிருந்து தம்பிக்கும், தம்பியிடமிருந்து தங்கைக்கும் சென்றது. உறவு இருந்த வழியேதான் அதுவும் பரவியது. ஒவ்வொரு மனமும் அடுத்த மனத்தைத் தன் உருவுக்கு வளைத்தது. அம்மாவின் மூளையில் நேர்ந்ததைத் தடுக்க எவராலும் இயலாது. வீட்டில் நேர்ந்ததை நான் தடுத்திருக்கலாம்.

சங்கிலி பின்னர் கிடைத்தது. அம்மாவின் பழைய தையல் இயந்திரத்தின் இழுப்பறையில், சிக்குண்ட நூற்கண்டுகளுக்கு இடையே கிடந்தது. எடுத்து வந்து என்னிடம் தந்தவள் தம்பியின் மனைவிதான். ஆண்டுக்கணக்காகப் பிறர் குற்றங்களைக் கேட்டு மன்னிப்பை அறிவித்தவன், அன்று அவள் முன் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பின், "அத்தைக்கு ஒண்ணும் தெரியாது சாமி. நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள்.

இந்நோயை முற்றிலும் நிறுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. மூளைப் படிவுகளை அகற்றும் புதிய மருந்துகள் தொடக்க நிலையில் அதன் வேகத்தை ஓரளவே குறைக்கின்றன. ஆகவே நம் கையில் இருப்பது சிறிது. வீட்டு முதியவர் ஒருவர் மற்றொருவரைக் குற்றம் சாட்டினால், தீர்ப்பு வழங்குமுன் இழுப்பறைகளைத் தேடுங்கள், மருத்துவரைப் பாருங்கள், குற்றம் சாட்டப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அம்மா இறப்பதற்கு முந்திய மாதங்களில் என்னை அடையாளம் காணவில்லை. தமக்குக் கஞ்சி ஊட்டிய கையை மட்டும் விடாமல் பற்றிக்கொண்டிருந்தார். அது அவளுடைய கை.