மாடிக்கு வந்த களனிவெளி ரயில்



எங்கட வீட்டு மாடியில் பலகை அடித்து மாதிரி ரயில் பாதை கட்டுகிறேன். ஏன் பழைய களனிவெளிப் பாதை என்று பலர் கேட்டீர்கள். கணக்குத்தான் காரணம்.

1:87 அளவு மாதிரிகளுக்கு விற்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். நம் நாட்டு அகலப் பாதை 1676 மில்லிமீற்றர். 87ஆல் வகுத்தால் 19.3. பொருந்தாது. களனிவெளிப் பாதை அன்று இரண்டரை அடி, அதாவது 762 மில்லிமீற்றர், வகுத்தால் 8.8. வேறொரு சின்ன அளவுக்கு விற்கும் 9 மில்லிமீற்றர் தண்டவாளம் அப்படியே பொருந்துகிறது! வகுப்பில் விகிதம் படிப்பிக்க இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அவிசாவளைக்கு இன்றும் ரயில் ஓடுகிறது. ஆனால் 90களில் பாதை அகலமானதோடு வாப்பா ஏறிய குட்டி ரயில் போய்விட்டது. என் மாணவர்கள் அதைக் கண்டதே இல்லை.

நுகேகொடை ஸ்டேஷன் மட்டையில் தயார். அடுத்தது ஹோமாகம. பழைய ஃபோட்டோ இருந்தால் இன்பொக்ஸில் அனுப்புங்கள். வேலை முடிந்ததும், இன்ஷா அல்லாஹ், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.