கப்பலில் ஒரு குவளை வெந்நீர்

நார்வே நாட்டின் ஃபியோர்டுகளைப் பற்றி, அஃதாவது மலைகளைப் பிளந்துகொண்டு நாட்டுக்குள்ளே நெடுந்தூரம் புகுந்து கிடக்கும் கடல்வாய்களைப் பற்றி எழுத வேண்டுமென்றுதான் பேனாவை எடுத்தோம். எடுத்தவுடன் நினைவில் முன்வந்து நிற்பது மலையுமன்று, அருவியுமன்று; கப்பல் அறையின் மேசைமீது இருந்த ஒரு கெட்டில். அதற்குக் காரணம் உண்டு.

2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம். இங்கிலாந்தில் பணிபுரியும் அக்காள் மகன் தன் பெற்றோரை ஏழு நாள் கப்பல் பயணத்துக்கு அனுப்ப விரும்பினான். அக்காளுக்கோ கடல் ஒத்துக்கொள்ளாது. விடுமுறையில் அங்குச் சென்றிருந்த நம்மை அவளுக்குப் பதிலாக அத்தானோடு ஏற்றிவிட்டார்கள். அத்தானுக்கு 74 வயது. முந்தைய குளிர்காலத்தில்தான் சிறுநீரகக் கல்லை அகற்றியிருந்தார்கள். நாளொன்றுக்கு இரண்டரை லிட்டருக்குக் குறையாமல் நீர் அருந்த வேண்டும், தவறினால் கல் திரும்பவும் வரக்கூடும் என்பது மருத்துவரின் கண்டிப்பு. அத்தானோ பச்சைத் தண்ணீரைத் தொடமாட்டார். சிறு வயதில் தாயார் பழக்கிவிட்டது: வெந்நீர், இல்லையேல் பால் ஊற்றாத தேநீர். ஆதலால் துறைமுகத்தில் விடைகொடுக்கையில் அக்காள் சொன்னது ஒன்றே: "சாமி, அவர் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தண்ணீர் மட்டும் குடிக்க வையுங்கள்."

சவுத்தாம்ப்டனிலிருந்து சனிக்கிழமை மாலையில் புறப்பட்டோம். பிரிட்டிஷ் பயணிகளுக்கென ஓடும் கப்பல்களில் அறைதோறும் கெட்டிலும் தேயிலைப் பொட்டலங்களும் வைத்திருப்பது வழக்கம். அமெரிக்கப் பயணிகளுக்கான கப்பல்கள் பலவற்றில் அது கிடையாது. தீவிபத்துக்கு அஞ்சி, நாமாகக் கொண்டுபோவதையும் அனுமதிப்பதில்லை. கெட்டிலைக் கண்டதும் அத்தானின் முகம் மலர்ந்தது. குழாய் நீரைப் பிடித்துக் கொதிக்கவைத்து ஒரு குவளை நீட்டினோம். ஒரு மிடறு பருகியவர் குவளையைக் கீழே வைத்துவிட்டார்.

"சாமி, ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது."

நாமும் பருகிப் பார்த்தோம். புண்ணுக்கு இடும் மருந்தை நீரில் கரைத்தாற்போல் இருந்தது. தேயிலையைப் போட்டால் மறையுமென எண்ணினோம், இன்னும் மோசமாயிற்று.

மறுநாள் காலை அறைப் பணியாளர் வந்தார். கோவாவைச் சேர்ந்த இளைஞர். "எந்த மருந்தை ஊற்றி இதைக் கழுவுகிறீர்?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டோம். "வெறும் தண்ணீர்தான், ஃபாதர்" என்றார். நாம் நம்பவில்லை. அவர் முகம் வாடியது. ஒன்றும் பேசாமல் வேறொரு கெட்டிலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நாமோ அத்தோடு விடாமல் வரவேற்பு மேசையிலும் ஒரு சொல் சொல்லிவைத்தோம். இரண்டாவது கெட்டிலிலும் அதே வாடை.

அன்று முழுதும் வடகடலில் பயணம். கப்பல் மெல்ல ஆடிற்று. உணவுக் கூடத்திலுள்ள பெரிய எஃகுக் கொதிகலனிலிருந்து கொடுத்த தேநீரில் வாடை சிறிதுமில்லை. ஆயினும் அங்கே போக நீண்ட நடைவழி, இரண்டு மின்தூக்கிகள். கைத்தடி ஊன்றி நடக்கும் அத்தான் ஒரு நாளில் பத்து முறை போய்வர இயலுமா? நண்பகல் வரை அவர் உட்கொண்டது இரண்டு குவளைதான். உதடு உலர்ந்திருந்தது. அக்காளின் சொல் நம் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

உணவு மேசையில் எதிரே அமர்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர், ஸ்காட்லாந்துக்காரர். நம் முறையீட்டைக் கேட்டு முறுவலித்தவர், முதலில் ஒரு கேள்வி கேட்டார்: "குழாய் நீரைக் கொதிக்கவைக்காமல் பருகிப் பார்த்தீர்களா?" பார்த்திருந்தோம், குளோரின் மணம் இலேசாக இருந்தது, அவ்வளவே. "அப்படியானால் நீரும் குற்றமற்றது, கெட்டிலும் குற்றமற்றது. இரண்டும் சேர்ந்தால்தான் கெடுகிறது" என்றார்.

அவர் விளக்கியதை நமக்குப் புரிந்த அளவில் சொல்கிறோம். கப்பல் நீர் இரு வழிகளில் வருகிறது. ஒன்று, துறைமுகத்தில் நிரப்பிக்கொள்வது. மற்றொன்று, நடுக்கடலில் ஆக்கிக்கொள்வது. காற்றழுத்தத்தைக் குறைத்துவிட்டால் கடல்நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். எந்திரங்கள் வீணே வெளிவிடும் வெப்பமே அதற்குப் போதும். நுண்ணிய சவ்வுகளின் வழியே கடல்நீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் முறையும் உண்டு. எவ்வழியில் வந்த நீராயினும், ஆயிரக்கணக்கானோர் ஒரே தொட்டியிலிருந்து அருந்துவதால் குளோரின் சேர்த்தே ஆகவேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களில், மிகத் தொலைவிலுள்ள குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் எஞ்சியிருக்க வேண்டுமென்பது அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் விதி. இந்தக் குளோரின், கெட்டிலின் பிளாஸ்டிக்கிலும் ரப்பர் வளையத்திலும் உள்ள சில பொருள்களோடு சூட்டில் கூடும்போது புதியதொரு பொருள் பிறக்கிறது. அதன் அளவு மிக மிக நுண்ணியது. ஆனால் நாக்கு அதையும் கண்டுபிடித்துவிடும். மருந்து வாடை அதுதான். இங்கிலாந்தில் வீடுகளிலும் இந்தத் தொல்லை உண்டாம். நீரில் கோளாறு என்று முறையிடுவோரிடம், அதே நீரை எஃகுப் பாத்திரத்தில் காய்ச்சிப் பருகிப் பாருங்கள் என்றுதான் முதலில் சொல்வார்களாம்.

பரிகாரம்? குளோரினைக் கெட்டிலுக்குள் விடாதிருப்பதே. இரவு படுக்குமுன் வாயகன்ற கண்ணாடி ஜாடியில் நீர் பிடித்துத் திறந்தபடி வைத்தால், காலைக்குள் பெரும்பகுதி தானே அகன்றுவிடும். அவசரமாயின் சில துளி எலுமிச்சைச் சாறு; அதிலுள்ள சி உயிர்ச்சத்து குளோரினை உடனே முறித்துவிடும். கொதித்த நீரில் மிச்சத்தைக் கெட்டிலிலேயே இரவெல்லாம் தேக்கி, காலையில் மறுபடி கொதிக்கவைக்கும் வழக்கத்தையும் விடச் சொன்னார். நாம் செய்துவந்ததும் அதுவே.

கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு வேறு இருந்தது. சவுத்தாம்ப்டன் வட்டாரத்து நீர் சுண்ணப் பாறைகளில் ஊறி, டெஸ்ட், இட்சென் என்னும் ஆறுகளின் வழி வருவது, கடின நீர். நம் ஊர்களில் கிணற்று நீர் காய்ச்சும் அண்டாவில் உப்புப் பிடிப்பது போலத்தான். இதற்கும் எலுமிச்சையே மருந்து. உணவுக் கூடத்திலிருந்து அரைப் பழ அளவுக்குத் துண்டுகள் கேட்டு வாங்கி, கெட்டிலில் பிழிந்து, நீர் ஊற்றிக் கொதிக்கவைத்து அரைமணி நேரம் அப்படியே விட்டோம். நுரைத்து, படிவு கரைந்தது. பிறகு வெறும் நீரை இருமுறை கொதிக்கவைத்துக் கொட்டினோம். வினிகரும் இதைச் செய்யும். ஆனால் சன்னல் திறவாத அறையில் அதன் நெடி இரண்டு நாள் நிற்கும். முன்னே வந்தவர் யாரேனும் பாலோ சூப்போ காய்ச்சிவைத்த கொழுப்பு வாடையானால் ஆப்ப சோடா ஒரு கரண்டி போட்டு ஊறவைக்க வேண்டும். சோடாவையும் எலுமிச்சையையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றை மற்றொன்று முறித்துவிடும், இரண்டும் வீண். செய்வது எதுவாயினும் மின்னிணைப்பைக் கழற்றிவிட்டே கழுவ வேண்டும். அடித்தட்டை நீரில் அமிழ்த்தலாகாது.

அத்தான் இதையெல்லாம் கட்டிலில் அமர்ந்தபடி கவனித்தார். "மாப்பிள்ளை, என் வயிற்றிலிருந்த கல்லும் இந்தக் கல்தானா? எலுமிச்சையில் கரைந்திருக்குமா?" என்றார். (அவர் நம்மை மாப்பிள்ளை என்று அழைத்தால் மனம் இலேசாகிவிட்டது என்று பொருள்.) கெட்டிலில் இருப்பது சுண்ணாம்பின் இனம், சிறுநீரகக் கல்லில் பெரும்பாலும் இருப்பது ஆக்சலேட் என்னும் வேறு பொருள், அது இப்படிக் கரையாது என்றோம். எலுமிச்சையிலுள்ள சிட்ரேட் புதுக் கல் உண்டாவதைத் தடுக்க உதவும் என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. அதையும் சொல்லிவைத்தோம், குடிப்பாரே என்று.

அன்று மாலையே பணியாளரைத் தேடிச் சென்றோம். நடைவழியில் படுக்கை விரிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தவறு எமதே என்றோம். "பரவாயில்லை, ஃபாதர்" என்றவர் சற்றுத் தயங்கி, "மேற்பார்வையாளர் காலையிலேயே கூப்பிட்டுக் கேட்டார்" என்றார். ஒப்பந்தத்தின் பேரில் பல மாதம் வீட்டைப் பிரிந்து வேலை செய்பவர். பயணியின் புகாரொன்று எவ்வளவு கனக்கும் என்பதை அப்போதுதான் நினைத்தோம். உடனே வரவேற்பு மேசைக்குச் சென்று, நாம் சொன்னதைத் திரும்பப் பெறுவதாக எழுதிக்கொடுத்தோம். எழுதும்போது கை கூசியது.

திங்கட்கிழமை காலை, ஜாடியில் இரவெல்லாம் நின்ற நீரைக் கொதிக்கவைத்துக் கொடுத்தோம். அத்தான் முகர்ந்தார், ஒரு மிடறு பருகினார், பேசாமல் குவளையை மீண்டும் நீட்டினார்.

அன்று பெர்கன் நகரில் மழை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊர். மழையில்லாத நாளைத்தான் அங்கே அதிசயமாகச் சொல்வார்கள். 1979-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பிரிக்கன் என்னும் பழைய மரக் கட்டடங்களைப் பார்த்துவிட்டு, 1918 முதல் ஓடும் கயிற்று ரயிலில் 320 மீட்டர் உயரமுள்ள ஃப்ளோயன் குன்றின்மேல் சென்றோம். மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கீழே ஒரு சிறு கடையில் தேநீர் அருந்தினோம். கடும்பாறை மலையேரிகளில் தேங்கும் மழைநீர் அது. சுண்ணாம்பு மிகக் குறைவு. இங்கிலாந்துத் தேநீரின் மேல் படரும் மெல்லிய ஆடை இதில் இல்லை. குவளையின் அடி தெரிந்தது. நாம் கொண்டுபோயிருந்த பிளாஸ்கிலும் வெந்நீர் நிரப்பிக் கொடுத்தார்கள்.

அடுத்த நாள் கெய்ராங்கர். 15 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஃபியோர்டில் கப்பல் அரவமின்றி நுழைந்தது. இருமருங்கும் செங்குத்தான பாறை. ஏழு சகோதரிகள் என்னும் அருவிகள் பனி உருகிய நீரோடு விழுந்துகொண்டிருந்தன. எல்லாரும் படமெடுக்க ஓடினர். அத்தான் மேல்தளத்துச் சாய்நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, இரு கைகளாலும் குவளையைப் பற்றியபடி, "இது எத்தனையாவது, சாமி?" என்று கேட்டார். ஏழாவது என்றோம். அக்காளுக்குச் சொல்ல எழுதிவைக்கச் சொன்னார்.

அன்றிரவு அறைக்குத் திரும்பியபோது மேசையில் இரண்டு கண்ணாடி ஜாடிகள் நீர் நிரம்பி நின்றன. பக்கத்தில் ஒரு தட்டில் எலுமிச்சைத் துண்டுகள். நாம் கேட்கவில்லை, அவரே வைத்துவிட்டுப் போயிருந்தார்.