சிசிலித் தீவில் ஒரு சுரைக்கொடி

இத்தாலிய நாட்டின் படத்தைப் பள்ளியில் கண்டவர்கள் அதனை ஒரு நீண்ட காலணியாகவும், அதன் நுனியருகே கடலில் கிடக்கும் சிசிலித் தீவை அக்காலணி உதைக்கவிருக்கும் கல்லாகவும் நினைவில் வைத்திருப்பர். அத்தீவின் தலைநகர் பலெர்மோ. அந்நகரின் பேராலயத்தைப் பற்றியும், நார்மானிய அரசர்கள் பொன்வண்ணக் கற்களால் இழைத்த சிற்றாலயத்தைப் பற்றியும் எழுதியோர் பலர். நாம் இங்கு எழுத முற்படுவதோ அவ்வூரின் காய்கறிகளைப் பற்றி. குருவானவருக்கு அடுப்பங்கரையில் என்ன அலுவல் என்று நம் தாய்மார் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். 2024ஆம் ஆண்டுக் கோடையில் அந்நகரின் புறத்தேயுள்ள ஒரு பங்கில், விடுமுறையில் சென்றிருந்த குருவுக்குப் பதிலாக ஐந்து வாரங்கள் பணியாற்றினோம். நண்பகல் முதல் மாலை ஐந்து மணிவரை வெயிலுக்கு அஞ்சி ஊரே கதவடைத்து உறங்கும். பங்கு இல்லத்தில் உறங்காதிருந்த இடம் சமையலறை ஒன்றே.

சிசிலியின் கோடை நம் கோடையைப் போன்றதன்று. அங்கு மழை பெய்வது குளிர்காலத்தில். ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வானம் ஏறத்தாழ வறண்டே கிடக்கும். ஆயினும் கத்தரியும் தக்காளியும் மிளகாயும் சுரையும் குவிவது அம்மாதங்களில்தான். காரணம், தோட்டங்கள் மழையை நம்பவில்லை. தேக்கிய நீரை நம்புகின்றன. 831ஆம் ஆண்டு பலெர்மோவைக் கைப்பற்றிய அரபியர், நிலத்தடி நீரைச் சுரங்கக் கால்வாய்களில் கொணரவும், தொட்டிகளில் தேக்கிப் பாத்திகளுக்குப் பகிரவும் வகை செய்தனர். 1072இல் நார்மானியர் நகரைப் பிடித்த பின்னரும் அந்த நீர்முறையை அழிக்கவில்லை. தோட்டத்து நீர்த்தொட்டியை இன்றும் சிசிலி உழவர் 'ஜெப்பியா' என்பர். அது அரபுச் சொல்லின் திரிபு. ஆட்சி போய்த் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் தொட்டியின் பெயர் மாறவில்லை!

பலெர்மோவைச் சூழ்ந்த சமவெளிக்குப் 'பொற்சிப்பி' என்று பெயர். எலுமிச்சையும் நாரத்தையும் நிறைந்திருந்த அந்நிலத்தின் பெரும்பகுதி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1950, 60களில் அடுக்குமாடிக் கட்டிடங்களுக்கு இரையாயிற்று. எஞ்சியிருப்பவை சுவர்களுக்கிடையே சிக்கிய துண்டு நிலங்கள். நாம் தங்கியிருந்த இல்லத்தின் பின்புறமும் அத்தகைய துண்டு ஒன்று இருந்தது. அதனைப் பேணிய முதியவருக்கு எண்பது வயது. அவ்வாண்டு குளிர்கால மழை பொய்த்து, மே மாதத்திலேயே இத்தாலிய அரசு சிசிலியில் வறட்சி நெருக்கடி நிலையை அறிவித்திருந்தது. வழக்கமாக ஆறு சுரைக்கொடிகள் விடும் பெரியவர் இரண்டோடு நிறுத்திக்கொண்டார். காய்கறி கழுவிய நீரை அவர் வாளியில் சுமந்து சென்று ஊற்றும்போது ஒரு சொட்டும் வெளியில் சிந்தாது.

முதலில் கத்தரிக்காயைச் சொல்லிவிடுகிறோம். அது நமக்கு உறவு. கீழைநாடுகளில், நம் இந்தியப் பகுதிகளில் பழக்கப்பட்ட பயிர் அது. பாரசீகம் வழியாக அரபியர் கைக்கு வந்து, அவர்களோடு மத்தியதரைக் கடலைக் கண்டது. இத்தாலியர் தொடக்கத்தில் அதனை ஐயுற்று, 'பித்துப் பழம்' என்று பொருள்படும்படி அதன் பெயருக்கு விளக்கமும் கூறினர். இன்று கத்தரியின்றிச் சிசிலிக்குக் கோடை இல்லை.

நமக்குச் சமைத்தளித்த அம்மையார் எழுபது கடந்த கைம்பெண். அவர் கத்தரியைச் சதுரமாக அரிந்து, உப்பைத் தூவி, சல்லடையிலிட்டு அரைமணி நேரம் வைத்துவிடுவார். நம் வீடுகளில் அரிந்த கத்தரியைத் தண்ணீரில் அல்லவா போடுகிறோம் என்று வினவினோம். தண்ணீரில் போட்ட காய் எண்ணெயில் எப்படிப் பொரியும் என்று அவர் திருப்பிக் கேட்டார். இருவர் வழக்கிலும் நியாயம் உண்டு. அரிந்த முகம் காற்றுப் பட்டுக் கறுக்காதிருக்க நாம் நீரில் இடுகிறோம். குழம்பில் வேகப்போகும் காய்க்கு ஈரம் தடையன்று. அவர்களோ எண்ணெயில் பொரிப்பவர்கள். கத்தரியின் சதை கடற்பஞ்சுபோல் காற்றறைகள் நிறைந்தது. அப்படியே எண்ணெயில் இட்டால் முழுவதையும் குடித்துவிடும். உப்பு அதன் நீரை வெளியே இழுத்து, அறைகளைத் தளர்த்திவிடுவதால் எண்ணெய்ச் செலவு குறைகிறது. ஒலிவ எண்ணெய் விலையுயர்ந்த நாட்டில் இது சிறிய இலாபமன்று.

இவ்வாறு பொரித்த கத்தரியில் ஆக்கும் 'கப்போனாத்தா' என்னும் பதார்த்தத்தை நம் தாய்மார் தாராளமாகச் செய்து பார்க்கலாம். அரைக்கிலோ கத்தரியைப் பொரித்து எடுத்து வைக்கவேண்டும். வேறு சட்டியில் இரண்டு வெங்காயத்தை வதக்கி, சற்றே வேகவைத்த செலரித் தண்டு, தோலுரித்த தக்காளி நான்கு, உப்பிலிட்ட பச்சை ஒலிவக்காய், கேப்பர் எனும் செடியின் உப்பிலிட்ட மொட்டு ஆகியவற்றைச் சேர்க்கவேண்டும். சுண்டி வந்ததும் ஒரு மேசைக்கரண்டிச் சர்க்கரையும் மூன்று மேசைக்கரண்டித் திராட்சைக் காடியும் ஊற்றி, கத்தரியைப் புரட்டி இறக்கிவிடவேண்டும். செலரி இல்லையெனில் விட்டுவிடலாம். ஒலிவக்காய்க்கும் கேப்பருக்கும் ஈடாக நாம் ஊர் திரும்பியபின் மாவடுவைப் பொடியாக அரிந்து சேர்த்துப் பார்த்தோம், குறைகூற ஒன்றுமில்லை. முக்கியமானது, அன்றே உண்ணலாகாது. ஆறவைத்து மறுநாள் உண்ணவேண்டும். நம் புளிக்குழம்பைப் போலவே புளிப்பும் இனிப்பும் உப்பும் ஓரிரவு கூடியிருந்தால்தான் ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன.

செல்வர் வீடுகளில் மீனை வைத்துச் செய்த பண்டம் இது என்றும், மீனுக்கு வழியற்றோர் கத்தரியை இட்டு அதே பெயரால் அழைத்தனர் என்றும் கூறுவோர் உண்டு. உண்மையோ கதையோ, அவ்வூர்ச் சமையலில் இத்தகைய பெயர்கள் மலிந்துள்ளன. கத்தரியைக் காம்பு நீங்காமல் விசிறிபோல் கீறிப் பொரித்து, அதற்குக் 'காடை' என்று பெயரிட்டிருக்கிறார்கள். சிவந்த பூசணியைத் துண்டாக்கிப் பொரித்து, பூண்டும் புதினாவும் காடியும் சர்க்கரையும் சேர்த்து, 'ஏழு குழாய்களின் ஈரல்' என்கிறார்கள். வுச்சிரியா சந்தையில் ஏழு குழாய் நீரூற்றருகே வாழ்ந்த ஏழைகள், ஈரல் வாங்க இயலாமல் பூசணியை ஈரல் சமைக்கும் முறையில் சமைத்தார்களாம். வாணலியின் மணம் மட்டும் மாளிகை வரை சென்றிருக்கும்! கிழக்குக் கரையிலுள்ள கத்தானியா நகரத்தார் பொரித்த கத்தரியும் தக்காளியும் சேர்த்த மாவுப் பண்டத்திற்குத் தங்கள் ஊர் இசைமேதை பெல்லினியின் 'நோர்மா' எனும் இசைநாடகத்தின் பெயரைச் சூட்டியுள்ளனர். நமக்கு என்னவோ பூசணி ஈரலின் பெயரே பிடித்திருக்கிறது.

தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. நமக்கும் அவர்களுக்கும் புதிய விருந்தாளி. ஆகஸ்டு மாதத்தில் அது மலைபோல் குவியும்போது, வேகவைத்து, வடிகட்டி, உப்பிட்டு, அகன்ற பலகைகளில் பரப்பி வெயிலில் காயவைக்கிறார்கள். காலையில் விரிப்பதும், நாள் முழுதும் கரண்டியால் கிளறுவதும், மாலையில் பனி படாமல் உள்ளே எடுப்பதுமாகச் சில நாள்கள் செல்லும். பத்துக் கிலோ பழம் ஏறத்தாழ ஒரு கிலோவாகச் சுருங்கி, குயவன் மண்ணைப்போல் இறுகிச் செந்நிறமாகிவிடும். ஜாடியில் அடைத்து மேலே எண்ணெய் ஊற்றினால் குளிர்காலம் தாண்டும். மொட்டை மாடியில் வற்றலும் வடகமும் காயவைத்துக் காக்கை ஓட்டிய நம் இல்லங்களை நினைத்துக்கொண்டோம். அங்கும் இவ்வேலை செய்வோர் அருகிவருகின்றனர். அம்மையாரின் பெண்மக்கள் கடையில் விற்கும் குழாய்ச் சாந்தையே வாங்குகின்றனர். அவர் அதைப்பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் தம் ஜாடியை அவர்களுக்குக் கொடுத்தனுப்ப மறப்பதுமில்லை.

இனிச் சுரைக்கொடிக்கு வருவோம். சிசிலியர் 'குக்குட்சா' என்று கொண்டாடும் காய் வேறொன்றுமன்று, நம் சுரைக்காயே. வடிவம் மட்டும் வேறு. வெளிர்பச்சை நிறத்தில், புடலங்காய்போல் ஒரு மீட்டர் வரையும் நீளும். எப்படி அலங்கரித்தாலும் சுரைக்காய் சுரைக்காயே என்று பொருள்படும் பழமொழி அவர்களிடம் உண்டு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நாமும் அதனை வம்புக்கு இழுத்திருக்கிறோம். சாதுவான காய்க்கு எந்த நாட்டிலும் மதிப்பில்லை போலும்.

எனினும் அவர்கள் அறிந்து நம்மில் பலர் அறியாத ஒன்று உண்டு. சுரைக்கொடியின் இளங்கொழுந்தையும் தளிரிலையையும் அவர்கள் 'தெனெரூமி' என்று கட்டுக்கட்டாக விற்கின்றனர். நம் கிராமங்களில் சில வீடுகளில் இதனைக் கீரையாகச் சமைப்பதுண்டு; பெரும்பாலும் ஆட்டுக்குப் போய்விடுகிறது. கொடி நுனியிலிருந்து விரலால் ஒடித்தால் முறியும் அளவு வரையே கொள்ளவேண்டும். நார் எழுந்த தண்டு ஆகாது. நன்கு கழுவி, அரிந்து, உப்பு நீரில் வேகவிடுவார்கள். மற்றொரு வாணலியில் ஒலிவ எண்ணெயில் பூண்டைச் சிவக்கவிடாமல் வதக்கி, தோலுரித்த தக்காளியும், நம் திருநீற்றுப்பச்சையின் இனமான பசிலிக்கோ இலையும் சேர்த்து, அதனைக் கீரையோடு கலந்து, ஒடித்த மாவிழைகளை அந்நீரிலேயே வேகவைப்பார்கள். கொதிக்கக் கொதிக்க அன்று, வெதுவெதுப்பாக ஆறியபின் உண்கிறார்கள். நாற்பது பாகை வெயிலில் அந்தக் கிண்ணம் உடலுக்குச் செய்யும் நன்மையைச் சொல்லி மாளாது. மாவிழைக்குப் பதில் நொய்யரிசியும் இடலாம். ஓர் எச்சரிக்கை: காயைச் சமைக்குமுன் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்துவிடுங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காய் முழுவதையும் எறிந்துவிடவேண்டும். கசப்புச் சுரைக்காய் வாந்தி பேதியோடு உயிருக்கே கேடு விளைத்ததும் உண்டு. சமைப்பதால் அந்நஞ்சு நீங்குவதில்லை.

பலெர்மோவின் பழஞ்சந்தைகளுள் ஒன்றான பல்லரோவில் இந்தச் சுரைக்காய்களுக்கிடையே தமிழ் ஒலிக்கக் கேட்கலாம். 1983 ஜூலை வன்செயல்களுக்குப் பின் இலங்கையிலிருந்து வெளியேறிய நம் மக்களில் ஒரு பகுதியினர் இந்நகரில் குடியேறினர். நகரைக் காவல் செய்வது போல் நிற்கும் பெல்லெகிரினோ மலையின் குகையாலயத்தில் புனித ரோசாலியாவை வணங்க இந்தத் தமிழர் ஏறிச் செல்வதை ஊரார் நன்கறிவர். கத்தோலிக்கரோடு இந்துக்களும் அதில் பலர். 1624இல் கொள்ளைநோய் நகரைச் சூறையாடியபோது அப்புனிதையின் எலும்புகள் அக்குகையில் கண்டெடுக்கப்பட்டன. நாம் அங்கிருந்த ஆண்டு ஜூலையில் நடந்தது அப்பெருவிழாவின் 400ஆம் ஆண்டு. அவ்விழாக் கூட்டத்தில்தான் யாழ்ப்பாணத்துத் தாய் ஒருவர் நம்மை இனங்கண்டு, மறுவாரம் உணவுக்கு வரவேண்டும் என்று அன்புக் கட்டளை இட்டார்.

இருபத்துமூன்று வயதில் வந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் வீடுகளைத் துப்புரவு செய்து வாழ்ந்திருக்கிறார். ஊரில் தாயார் இறந்தபோது கையில் உரிய பத்திரங்கள் இல்லாமையால் செல்ல இயலவில்லை. அதனை அவர் கத்தரிக்காயை அரிந்துகொண்டே சொன்னார். “இஞ்ச வந்த புதிசில ஒரு சொல்லும் விளங்காது, சுவாமி. சந்தையில சுரைக்காயைக் கண்டவுடன எனக்கு அழுகை வந்திட்டுது. விக்கிறவன் நான் காசில்லாமல் அழுகிறன் எண்டு நினைச்சு ஒண்டைச் சும்மா தந்திட்டான்.”

எண்ணிக்கை நூலின் 11ஆம் அதிகாரத்தில், பாலைவனத்தில் இஸ்ரயேல் மக்கள் எகிப்தின் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுததாக வாசிக்கிறோம். அவர்களை நன்றிகெட்டவர்கள் என்று பிரசங்கத்தில் கடிந்துரைப்பது எளிது. பசித்தவன் அழுவது வயிற்றால் மட்டுமா என்பதை, ஊரைவிட்டுப் போகாதவன் எப்படி அறிவான்?

அன்று அவர் ஆக்கியது தாயாரிடம் கற்ற கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு. கத்தரியை எண்ணெயில் பொரித்து, புளிக்கரைசலிலும் கறித்தூளிலும் தேங்காய்ப் பாலிலும் கூட்டுவது. அதனருகே, தாம் வேலை செய்யும் வீட்டு மூதாட்டி சொல்லித் தந்த கப்போனாத்தாவும் ஒரு கிண்ணத்தில் இருந்தது. இரண்டும் பொரித்த கத்தரி, இரண்டும் புளிப்பு, இரண்டும் மறுநாள் மேலானவை. உண்ணும்போது அவர் தம் மகளைப் பற்றிப் பேசினார். பலெர்மோவில் பிறந்து, வடக்கே மிலான் நகரில் வேலை பார்க்கும் அப்பெண், மாலைதோறும் தொலைபேசியில் சமையல் ஐயம் கேட்பாளாம். சென்ற ஈஸ்டருக்கு வந்தவள், புளிக்கரைசலில் செலரியையும் ஒலிவக்காயையும் போட்டு, மேலே கறித்தூளும் தூவி ஒரு சட்டி நிறையக் காய்ச்சி வைத்துவிட்டாள் என்றார்.

சுவை எப்படி இருந்தது என்று கேட்டோம்.

“அது எங்கட கறியும் இல்லை, அவையின்ரை கறியும் இல்லை, சுவாமி,” என்று தலையில் கைவைத்துக்கொண்டார் அத்தாய். “ஆனால் சட்டியில ஒண்டும் மிஞ்சேல்லை.”