குவிமாடத்துக்கு வழிவிடும் ஊர்

லண்டன் சிட்டியில் இன்னொரு வானளாவி வரப்போகிறது: ஒன் அண்டர்ஷாஃப்ட். 2024 டிசம்பரில் பச்சைக்கொடி கிடைத்தது. உயரம் ஏறக்குறைய 310 மீட்டர்; தேம்ஸின் தென்கரையில் நிற்கும் ஷார்டுக்கு இணை. நண்பர்களில் பாதிப் பேர் "ஊரே நாசம்" என்கிறார்கள், மீதிப் பேர் கைதட்டுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது இந்த ஊரின் பிடிவாதம். செயின்ட் பால்ஸ் பேராலயத்தின் குவிமாடம் மறையக் கூடாதென்று 1930களிலேயே விதி போட்டுவிட்டார்கள். சிட்டியின் இன்னொரு வானளாவியான லெடன்ஹால் கட்டடம் ஒருபுறம் சரிந்து எழுவது அதற்காகத்தான். ஃப்ளீட் தெருவிலிருந்து பார்த்தால், குவிமாடத்துக்கு வழிவிட்டுப் பின்னால் சாய்ந்து நிற்கும். ஏறக்குறைய 16 கி.மீ. தள்ளி, ரிச்மண்ட் பூங்கா மேட்டில், செடிகொடிகளுக்கு நடுவே விட்ட இடைவெளியிலும் குவிமாடம் தெரியும்.

உயரமாகக் கட்டட்டும், தப்பில்லை. யாருக்கு ஒதுங்க வேண்டும் என்று தெரிந்து கட்டினால் சரி. உங்கள் ஊரில் எதை மறைக்க விடமாட்டீர்கள்?