பிறக்குமுன் ஒரு மூச்சுப் பயிற்சி

உறங்கும் குழந்தையின் மூடிய இமைகளுக்குள்ளே விழிகள் அங்குமிங்கும் ஓடுவதை நாம் கண்டிருக்கிறோம். கனவு காண்கிறது என்பர் பாட்டிமார். இத்தகைய உறக்கம் பிறவாத உயிருக்கும் உண்டென்றால் வியப்பன்றோ?

1972ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் ஆராய்ச்சியாளர் ஜெப்ரி டோஸும் அவர்தம் துணைவர்களும் செம்மறியாட்டின் கருவில் இதனைக் கண்டு எழுதினர். செம்மறி தன் குட்டியைச் சுமப்பது ஏறத்தாழ 147 நாட்கள். கடைசி மாதத்தில் குட்டியின் மூளையில் இருவகை மின்னலைகள் மாறிமாறி எழுகின்றன. ஒன்று உயர்ந்து மெதுவாகச் செல்வது. மற்றது தாழ்ந்து விரைவது. விரைந்த அலை ஓடும் வேளையிலே விழிகள் அசைகின்றன. மார்பும் மூச்சு விடுவதுபோல் அசைகின்றது. மெதுவான அலை வந்ததும் மார்பு அடங்கிவிடுகின்றது.

காற்றில்லாத நீரறையில் மூச்சு எதற்கு? வேண்டிய ஒட்சிசன் தொப்புட்கொடி வழியே வருகின்றதே! எனினும் அது வீண் அசைவன்று. நுரையீரல் செவ்வனே வளர்வதற்கு அப்பயிற்சி வேண்டும். ஒட்சிசன் குறைந்தாலோ, குட்டி மூச்சசைவை நிறுத்திக்கொள்கின்றது.

இவ்வறிவு இன்று நம் தாய்மாருக்கும் உதவுகின்றது. ஸ்கான் திரையில் வைத்தியர் சிசுவின் மூச்சசைவைத் தேடுவது அதன் நலனை அறியவே. சற்று நேரம் அசைவு காணாவிடினும் அவர் உடனே முடிவு கூறுவதில்லை. சிசு ஆழ்ந்து உறங்கலாமன்றோ? ஆதலின் அரைமணி நேரம் வரை பொறுத்துப் பார்க்கின்றார்.

பிறந்த குழந்தையின் முதல் மூச்சு, நெடுநாட் பயிற்சியின் அரங்கேற்றமே. அதனை நமக்கு உணர்த்திய வாயில்லா ஆட்டுக்கு நாம் பட்ட கடன் சிறிதன்று.