அத்தாவின் மாத்திரையும் சிவப்பு வெளிச்சமும்



மதுரை கீழமாசி வீதியில் 40 ஆண்டுகள் பலசரக்கு மொத்தக் கடை நடத்தியவர் எங்கள் அத்தா. மூட்டை இறக்க ஆள் இருந்தாலும் தாமும் ஒரு கை கொடுக்காமல் அவரால் நிற்க முடியாது. அந்த மூட்டைகளுக்கெல்லாம் சேர்த்து, அறுபது வயதுக்குப் பிறகு முழங்காலும் கழுத்தும் அவரிடம் கணக்குக் கேட்கத் தொடங்கின.

நாங்கள் விழித்துக்கொண்டது ஓர் இஷாத் தொழுகையில். வீட்டில் அத்தாதான் முன்னின்று தொழவைத்தார். மூன்றாவது ரக்அத்திலேயே அமர்ந்து ஸலாம் கொடுக்கப் போனார். பின்னாலிருந்து "சுப்ஹானல்லாஹ்" என்று குரல் கொடுத்தோம். அவர் காதில் விழவில்லை. தொழுது முடித்ததும், "நாலும் தொழுதாச்சே, தம்பி" என்று சாதித்தார். அந்த வாரத்திலேயே மற்றொரு நாளும் இப்படி நடந்தது. கடையில் நூறு பேருடைய பற்று வரவை நோட்டுப் புத்தகம் இல்லாமல் சொல்லக்கூடிய மனிதர் அவர். வயதாகிவிட்டது என்று நாங்கள் வருந்தினோமே தவிர, தலையணைக்கு அடியிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

அதில் இருந்தது டிரமடால். சில ஆண்டுகளுக்கு முன் கீழே விழுந்தபோது பத்து நாளுக்கென்று எழுதிக் கொடுக்கப்பட்டது. பத்து நாள் மாதங்களாயிற்று, மாதங்கள் ஆண்டுகளாயின. பழைய சீட்டைக் காட்டினால், சில நேரம் காட்டாமலும், தெரிந்த மருந்துக் கடையில் கிடைத்துவந்தது. இது மார்ஃபின் குடும்பத்தைச் சேர்ந்த ஓபியாய்டு மருந்து என்பதும், 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது என்பதும் எங்களுக்குத் தெரியாது. இவ்வகை மருந்தை விற்பவர் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி, அதை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் வீட்டில் அதற்கு இருந்த பெயர் 'வலி மாத்திரை', அவ்வளவுதான்.

விவரம் தெரிந்த அன்று அத்தா முகம் சுருங்கிப் போனது. "இத்தனை நாளும் போதையிலயா தொழுதேன்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் ரமளான் பிறந்தது. யாரிடமும் சொல்லாமல், முதல் நோன்போடு அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டார்.

மூன்றாம் இரவு அவருக்கு வியர்த்துக் கொட்டியது. மூக்கு ஒழுகியது, வயிறு போனது, கொட்டாவி நிற்கவில்லை, தூக்கம் அறவே இல்லை. காய்ச்சல் என்று எண்ணி நோன்புக் கஞ்சியோடு கஷாயமும் வைத்துக் கொடுத்தோம். ஸஹர் நேரத்தில் கை நடுங்கித் தம்ளர் கீழே விழுந்த பிறகுதான் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் கோபப்படவில்லை. மருந்துக்குப் பழகிய உடலிலிருந்து ஒரே நாளில் அதைப் பிடுங்கினால் உடல் இப்படித்தான் பதறும் என்றார். டிரமடாலைத் திடீரென நிறுத்தினால் சிலருக்கு வலிப்பு வருவதும் உண்டு என்றும் எச்சரித்தார். மாத்திரையைப் பழைய அளவிலேயே மீண்டும் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒரு முறை சிறிது சிறிதாகக் குறைக்க ஓர் அட்டவணை எழுதித் தந்தார். குறைக்கும்போது தலைதூக்கும் வலிக்கு வேறு வழி செய்ய வேண்டுமல்லவா? அதற்காக அவர் அனுப்பிய இடம் ஒரு பிசியோதெரபி நிலையம். அங்கேதான் லேசர் என்ற சொல் வந்தது.

மதுரைக்காரர்களுக்கு லேசர் என்றால் கண் ஆஸ்பத்திரி. அத்தாவும், "கண்ணுக்குத்தானே அது, காலுக்கு எதுக்கு?" என்றார். அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, இளம் வயதிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப் போனவர். அந்த விரல்களாலேயே அறுவைக் கத்தி பிடிக்கப் பழகியவர். அவர் பேச்சு வந்ததும் அத்தா, "அவருக்கு இருந்த வலிக்கு முன்னாடி நம்மளது என்ன" என்று எழுந்து புறப்பட்டுவிட்டார். வாதம் பொருந்தியதோ இல்லையோ, ஆள் கிளம்பியதே எங்களுக்குப் போதுமாயிருந்தது.

வலிக்குப் பயன்படும் இந்த லேசர் சுடுவதுமில்லை, வெட்டுவதுமில்லை. இதன் தொடக்கமே ஒரு தற்செயல். 1967இல் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், லேசர் ஒளியால் புற்றுநோய் வருமா என்று அறிய, முடி மழித்த எலிகளின் மேல் அதைப் பாய்ச்சினார். புற்றுநோய் வரவில்லை, முடிதான் விரைவாக வளர்ந்தது. சிவப்பு ஒளியையும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா உள்வாங்குகிறது, அதனால் அழற்சி தணிகிறது, வலியைக் கடத்தும் நரம்பின் வேகமும் சற்று மட்டுப்படுகிறது என்று விளக்குகிறார்கள். கருவியை முழங்காலில் வைத்தபோது அத்தா, "ஒண்ணுமே தெரியலியேப்பா, போட்டாச்சா?" என்று கேட்டார். இடம் காட்டுவதற்கான சிறு சிவப்புப் புள்ளி மட்டுமே தெரிந்தது. கண்ணில் ஒளி படக்கூடாது என்று அவருக்கும் துணைக்குப் போனவருக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள்.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு உண்டு, இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல மனம் வரவில்லை. 2009இல் லான்செட் இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு, நாட்பட்ட கழுத்து வலி சிகிச்சை முடிந்த பின்னும் 22 வாரம் வரை குறைந்திருந்ததைக் காட்டியது. முழங்கால் தேய்மானம் பற்றிய 2019ஆம் ஆண்டுத் தொகுப்பு, பரிந்துரைக்கப்பட்ட அளவு ஒளி கொடுத்தால் வலி குறைகிறது, அளவு குறைந்தால் பலன் சொல்லும்படி இல்லை என்றது. இடுப்பு வலிக்கோ, 2008இல் காக்ரேன் அமைப்பு ஆராய்ந்து, முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்றுவிட்டது. ஆகவே "எல்லா வலிக்கும் லேசர்" என்று பலகை வைத்திருக்கும் இடங்களை நாங்கள் நம்புவதில்லை. அலைநீளம் என்ன, ஓர் இடத்துக்கு எத்தனை ஜூல் என்று கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் அமர்வுக்கு 400 ரூபாய் கொடுப்பதைவிட, வீட்டில் தொடைத் தசைப் பயிற்சி செய்வது மேல். புற்றுக்கட்டி உள்ள இடத்திலும், கர்ப்பிணிகளின் வயிற்றிலும் இதை வைக்கமாட்டார்கள். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அத்தாவுக்குப் பன்னிரண்டு அமர்வுகள். கழுத்து நன்றாகவே இளகியது. முழங்கால் பாதிதான் கேட்டது. எஞ்சிய பாதியைப் பயிற்சியும் நாற்காலியும் பார்த்துக்கொண்டன. நின்று தொழ முடியாதவர் அமர்ந்து தொழலாம் என்ற அனுமதி நபியவர்கள் காலத்திலேயே கொடுக்கப்பட்டது. ஆனால் ஸஜ்தாவில் நெற்றி தரையில் படாத குறையை, மாத்திரை போட்டாவது அத்தா தீர்க்கப் பார்த்திருக்கிறார். கேட்டுத் தெரிந்துகொள்ளாதது எங்கள் பிழை. ஓபியாய்டு வலியை வெல்லும் என்பதும் எப்போதும் உண்மையில்லை. புதிதாகக் கழுத்து வலி, இடுப்பு வலி வந்தவர்களிடம் ஆஸ்திரேலியாவில் நடத்தி 2023இல் வெளியிட்ட சோதனையில், ஓபியாய்டு மாத்திரை மருந்தில்லாத போலி மாத்திரையைவிட மேலான பலன் தரவில்லை.

இதை எழுதும்போது மேலூர்ப் பெரியம்மா நினைவு வந்து உறுத்துகிறது. புற்றுநோயின் கடைசி மாதங்களில் அவருக்கு மார்ஃபின் எழுதிக் கொடுத்தார்கள். "போதை மருந்து, ஹராம்" என்று வீட்டுப் பெரியவர்கள் மறுத்தார்கள். நாங்களும் வாய் திறக்கவில்லை. அதே நாட்களில் அத்தாவின் தலையணைக்கு அடியில் அந்தக் குடும்பத்து மாத்திரை அட்டை இருந்தது. தீராத வலிக்கு மருத்துவர் அளந்து தரும் மருந்தைப் போதைக்காகக் குடிக்கும் மதுவோடு சேர்க்க முடியாது என்று ஆலிம் ஒருவர் பிறகு விளக்கினார். மார்ஃபின் தேவைப்படுவோருக்குக் கிடைப்பதை எளிதாக்கவே 2014இல் சட்டமும் திருத்தப்பட்டது. தேவைப்பட்டவருக்கு மறுத்தோம், தேவையில்லாதவருக்கு ஆண்டுக்கணக்கில் வாங்கிக் கொடுத்தோம். பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்க இப்போது வழியில்லை.

நாளொன்றுக்கு நான்காக இருந்த மாத்திரை ஏழு மாதங்களில் இரவுக்கு ஒன்றாகக் குறைந்திருக்கிறது. அந்த ஒன்று இன்னும் போகவில்லை. மழை நாட்களில் அத்தா அதையும் கூட்டக் கேட்பார், நாங்கள் அட்டவணையைக் காட்டுவோம், சண்டை வரும். நேற்று இஷாவுக்கு நாற்காலியில் அமர்ந்தபடியே தொழவைத்தார். ஸலாம் கொடுத்ததும் திரும்பி, "எத்தனை?" என்றார்.

"நாலு, அத்தா."

"நானும் நாலுதான் எண்ணுனேன்" என்று சொல்லி, தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டார்.