ஈரத் தரை

என் சிறிய தந்தையார் ஈரத்தை அறிந்தவர். கொடுமுடிச் சுற்றுவட்டாரத்தில் மஞ்சள் வாங்கி ஈரோட்டுக்கு அனுப்பும் கமிஷன் மண்டி வைத்திருந்தார். கிழங்கை ஒடிக்கும்போது எழும் ஓசையைக் கேட்டே அது நன்றாகக் காய்ந்ததா என்று சொல்லிவிடுவார். அந்த அறிவை அவர் குதிரைப் பந்தயத்திலும் செலவிட்டார் என்பது 1988 மே மாதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. நோன்புப் பெருநாள் கழிந்து மதரஸா திறக்கச் சில நாட்கள் இருந்தன. மலர்க் கண்காட்சி காட்டுவதாக உதகைக்கு அழைத்துச் சென்றவர், பேருந்து நிலையத்தின் அருகே இருந்த பந்தயத் திடலுக்குள் என்னை நடத்திச் சென்றார்.

முந்தைய இரவு நல்ல மழை. வேலியோரப் புல்லில் செருப்புக் குதிகாலை அழுத்தி, அது எவ்வளவு அமிழ்கிறது என்று பார்த்தார். பிறகு ரேஸ் புத்தகத்தைத் திறந்து, பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல் எனக்கு விளக்கலானார். தரை இளகினால் குளம்பு புதையும். புதைந்த காலைப் பிடுங்கி எடுப்பதிலேயே குதிரையின் வலு போய்விடும். ஆகவே காய்ந்த தரையில் பாய்ந்தோடிப் பேர் வாங்கிய குதிரையை இன்று நம்பலாகாது. நெடுந்தூரம் ஓடித் தாக்குப்பிடிக்கும் மரபில் வந்ததா, முன்பு மழைநாளில் ஓடி வென்றிருக்கிறதா, முதுகில் எத்தனை கிலோ சுமை என்று பார்க்க வேண்டும். ஈரத்தில் ஒவ்வொரு கிலோவும் இரண்டாகக் கனக்கும். உள்வேலியை ஒட்டிய பாதை முதல் சில ஓட்டங்களிலேயே மிதிபட்டுச் சேறாகிவிடுமாதலால், பிந்திய ஓட்டங்களில் சற்று விலகி வெளிப்புறமாக ஓட்டுபவனே கெட்டிக்காரன்.

எனக்கோ, விரைந்தோடும் குதிரைகள் மீது அல்லாஹ் சத்தியமிடும் ஆதியாத் அத்தியாயம் நினைவுக்கு வந்தது. அங்கே குளம்புகள் தீப்பொறி பறக்க வைக்கின்றன, புழுதி கிளப்புகின்றன. இங்கே பொறியும் இல்லை, புழுதியும் இல்லை, சேறுதான் தெறித்தது. யாரும் பெரிதாக மதிக்காத, சுமை குறைந்த குதிரை ஒன்றின் மேல் பணம் கட்டினார். அதுவே முதலாவதாக வந்தது. சில வாரங்களில் பெய்ரூத் பதிப்பான ‘அல்முன்ஜித்’ அகராதியை வரவழைத்து என் கையில் தந்தார். ஓதும் பிள்ளைக்கு அத்தா வழியில் வந்த அன்பளிப்பு என்றே எண்ணினேன்.

வென்றதுதான் வினையாயிற்று. தோற்றிருந்தால் மஞ்சளோடு நின்றிருப்பார். ஒரு மழைநாளில் கணக்குச் சரியாக அமைந்ததால், எல்லா நாளும் அமையும் என்று நம்பினார். உதகை முடிந்தால் கிண்டி, கிண்டி முடிந்தால் பெங்களூர். சின்னம்மாவின் நகைகள் முதலில் போயின. மண்டி பின்னால் போயிற்று.

தமிழக அரசு 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியதும், அது நீண்ட வழக்காகி, 1996 சனவரி 12இல் குதிரைப் பந்தயத்தில் திறமையே மேலோங்கி நிற்கிறது, அது சூதாட்டமாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் பலருக்கு நினைவிருக்கலாம். அச்செய்தி வந்த நாளிதழை மடித்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்.

“இது சூதில்லை, அறிவுன்னு கோர்ட்டே சொல்லிப்போட்டாங்க. உன் கிதாபு என்னப்பா சொல்லுது?”

நான் ஃபிக்ஹு நூலைத் திறந்தேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே மதீனாவில் குதிரை ஓட்டம் நடத்தியிருக்கிறார்கள். மெலியவைத்துப் பயிற்றிய குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து நெடிய பாதை. பயிற்றாதவற்றுக்குக் குறுகிய பாதை. இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் ஓட்டியவர். ஆளுவோர் பரிசு தரலாம்; ஒரு தரப்பார் மட்டும் பணயம் வைப்பதும் ஆகும். இரு தரப்பும் பணம் வைத்து, வென்றவர் தோற்றவருடையதை எடுப்பதெனில், எதுவும் வைக்காத, வெல்லும் தகுதியுள்ள மூன்றாவது குதிரை ஒன்று நடுவே வந்தாலன்றி அது கிமார் என்பர் நம் ஹனஃபி இமாம்கள். இத்தனையும் ஓட்டுபவருக்கே. வேலிக்கு இப்பால் நின்று பணம் கட்டுபவருக்கு இங்கே இடமே இல்லை.

“உங்கள் அறிவு பொய்யில்லை, சின்னத்தா. ஆனால் திறமையா, அதிர்ஷ்டமா என்று மார்க்கம் கேட்கவில்லை. யாருடைய பணம் யாரிடம் போகிறது என்றே கேட்கிறது” என்றேன். குதிரைவீரன் எனப் பொருள்படும் ராவுத்தர் என்ற பெயரைச் சுமக்கும் நமக்கு இது ஆகுமா என்றும் சேர்த்துக்கொண்டேன். அந்தக் கடைசி வாக்கியம் வேண்டாததுதான்.

அவர் கோபிக்கவில்லை. என் அலமாரியைப் பார்த்துக்கொண்டே, “அப்போ அந்த ஊட்டிக் காசுல வாங்கின அகராதி?” என்றார்.

எட்டு ஆண்டுகளாக அதைப் புரட்டித்தான் நான் ஓதினேன், ஓதிக் கொடுத்தேன். அதன் விலையை விசாரித்து, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டேன். அத்தகைய பணத்துக்கு உலமாக்கள் காட்டும் வழி அது. அதைக் கொண்டு கற்றதை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

சின்னத்தா மௌத்தாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. உதகைத் திடலை 2024இல் அரசு தன் வசம் எடுத்துக்கொண்டது. அகராதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பந்தயத்தில் இரண்டாவதாக வரும் குதிரைக்கு அரபியில் ‘முஸல்லீ’ என்று பெயர். முந்தியதன் பின்புறத்தை ஒட்டியே அதன் தலை வருவதால் அப்பெயர். தொழுபவரைக் குறிக்கும் சொல்லும் அதுவே. மாணவர்களுக்கு அந்த வேர்ச்சொல்லைப் பாடம் சொல்லும்போது குதிரைப் பொருளையும் விடாமல் சொல்கிறேன். ஏன் என்று அவர்கள் கேட்டதில்லை.